நாகலாபுரத்துப் பெருமாளும் வீட்டுக் கணிப்பொறியும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி போகிறவர்கள், சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைத் தரிசித்துவிட்டு அடுத்தபடியாக வண்டியை நிறுத்தும் ஊர் நாகலாபுரம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆந்திராவில் இருந்தாலும் கடைத்தெருவில் தெலுங்கோடு தமிழும் காதில் விழும். கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாதேவியின் பெயரை இந்த ஊருக்குச் சூட்டினார் என்பார்கள். இங்குள்ள வேதநாராயண சுவாமி கோயிலில் மூலவர் இடுப்புக்குக் கீழே மீன் வடிவம், மச்சாவதாரத் திருக்கோலம். மார்ச் மாதத்தில் மூன்று நாட்கள் மாலைச் சூரியனின் கதிர் உள்ளே நுழைந்து பெருமாள் திருமேனியில் விழும். சூரிய பூஜை என்று அதற்குப் பெயர்.

தலபுராணம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். சோமகாசுரன் பிரம்மாவிடமிருந்து வேதங்களைத் திருடிக் கடலுக்கடியில் ஒளித்துவிட்டான். பெருமாள் மீனாகி நெடுநாள் போரிட்டு அவனைக் கொன்று, வேதங்களைத் திருப்பிக் கொடுத்தார். யோசித்துப் பார்த்தால், பிரம்மாவுக்கு ஒன்றும் நேரவில்லை. நான்கு தலைகளும் அப்படியேதான் இருந்தன. ஆனாலும் வேதம் போனதால் படைப்பு நின்றுவிட்டது. ஆள் நலமாக இருந்தால் மட்டும் போதாது, அவரிடம் இருந்ததும் திரும்ப வேண்டும்.

கணிப்பொறிக் கட்டுரையில் புராணம் எதற்கு என்று கேட்பீர்கள். கணிப்பொறி படுத்துவிட்டால் நம்மில் பலர் முதலில் தேடுவது, வாங்கும்போது கம்பெனிக்காரன் கொடுத்த வட்டுகளை. "அதைப் போட்டு ஏற்றினால் பழையபடி ஆகிவிடும்" என்கிறோம். கணிப்பொறி பழையபடி ஆகும் என்பது உண்மை. ஆனால் அந்த வட்டு பிரம்மாவை எழுப்பி உட்கார வைக்குமே தவிர, வேதத்தை மீட்டுத் தராது. அப்பா தட்டிவைத்த கடிதங்களும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் அந்த வட்டில் இல்லை.

வட்டில் என்ன இருக்கிறது?

1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, சி.டி. வசதி இல்லாதவர்களுக்கு அது 13 நெகிழ்வட்டுகளில் கிடைத்தது. ஒவ்வொன்றாகச் சொருகி, பன்னிரண்டாவது வட்டில் பிழை வந்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு சி.டி., டி.வி.டி. என்று வசதிகள் பெருகின. ஆனால் கம்பெனிகள் கொடுத்த வட்டுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல.

முதல் வகை, விண்டோஸ் மட்டுமே உள்ள வட்டு. இதை ஏற்றினால் இயக்க மென்பொருள் வந்து சேரும். திரை, ஒலி, இணைய இணைப்பு ஆகியவற்றை ஓட்டும் 'டிரைவர்'களைத் தனி வட்டிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். வன்தட்டை அழிப்பதா வேண்டாமா என்று இந்த வகை பெரும்பாலும் நம்மைக் கேட்கும்.

இரண்டாவது வகை 'ரெகவரி' வட்டு. தொழிற்சாலையிலிருந்து புறப்பட்ட அன்று வன்தட்டு இருந்த நிலையை அப்படியே படம்பிடித்து வைத்தது. இதைப் போட்டால் வீடு கிரகப்பிரவேச நாளன்று இருந்தபடி ஆகிவிடும். சுவரில் நாம் மாட்டிய படங்கள், அலமாரியில் அடுக்கிய பாத்திரங்கள் எதுவும் இருக்காது. இத்தகைய வட்டுகளில் பெரும்பாலானவை வன்தட்டு முழுவதையும் துடைத்துவிட்டே வேலையை ஆரம்பிக்கும். திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்துவதில்தான் பல குடும்பங்களின் புகைப்படங்கள் போயிருக்கின்றன.

மூன்றாவது வகையில் வட்டே கிடையாது. செலவைக் குறைக்கக் கம்பெனிகள் அந்தப் படிவத்தை வன்தட்டிலேயே ஒரு மறைவான பகுதியில் வைத்து, "வட்டை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டன. சில கம்பெனிகள் ஒரே ஒரு முறைதான் எழுத அனுமதித்தன. வன்தட்டே பழுதானால் மறைவான பகுதியும் சேர்ந்து போய்விடும் என்பதை அப்போது எத்தனை பேர் நினைத்தோம்? வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்

நாம் கணிப்பொறி வாங்கும் நாடு ஒன்று, பயன்படுத்தும் மொழி இன்னொன்று. ஜெர்மனியிலோ பிரான்சிலோ ஜப்பானிலோ வாங்கிய பழைய கணிப்பொறியின் வட்டைப் போட்டால், அந்த நாட்டு மொழியில்தான் திரை வரும். விண்டோஸ் எக்ஸ்பியின் வீட்டுப் பதிப்பில் அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவது எளிதல்ல.

ஊருக்குப் போகும்போது பழைய மடிக்கணிப்பொறியை அத்தை பிள்ளைக்கோ மச்சினர் மகளுக்கோ கொடுத்துவிட்டு வருவது நம்மவர்கள் வழக்கம். பெட்டியில் கணிப்பொறி போகும். வட்டுகள் இங்கே மேசை இழுப்பறையில் தங்கிவிடும். ஆறு மாதத்தில் கணிப்பொறி படுத்தால், அங்கே கடைக்காரர் கையில் கிடைத்த ஏதோ ஒரு பிரதியை ஏற்றிக் கொடுப்பார். அது உரிமம் இல்லாத பிரதியாக இருந்தால் திருத்தங்கள் சரியாக வராது. கூடவே வைரஸும் வரலாம். ஆகவே கொடுக்கும்போது வட்டுகளையும் கொடுங்கள். பழைய கணிப்பொறியானால் அடியில் ஒட்டியிருக்கும் 25 எழுத்துச் சாவியை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்; அந்த ஒட்டுத்தாள் கை பட்டுப் பட்டு அழிந்துவிடும். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு, விண்டோஸுடன் விற்ற கணிப்பொறிகளில் சாவி உள்ளேயே பதிந்திருப்பதால் அந்தக் கவலை குறைவு.

தமிழ் எங்கே போயிற்று?

எக்ஸ்பியை வட்டிலிருந்து ஏற்றியபின் நம் வீடுகளில் எழுந்த முதல் கேள்வி இதுதான். தமிழ் இணையப் பக்கங்களில் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தன. காரணம் எளிது. யூனிகோடு முறையில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000, 'லதா' என்ற எழுத்துருவோடு தமிழை ஏற்றது. ஆனால் 2001-ல் வந்த எக்ஸ்பியில், தமிழ் போன்ற எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் பகுதி பொதுவாகத் தானாக இறங்காது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பகுதிக்குப் போய் அதற்கான கட்டத்தில் குறியிட வேண்டும். உடனே அது "எக்ஸ்பி வட்டைப் போடு" என்று கேட்கும். வட்டைத் தொலைத்தவருக்குத் தமிழும் தொலைந்தது. 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவிலிருந்து இந்தத் தொல்லை இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு பழைய எழுத்துருக்களால் வந்தது. யூனிகோடு பரவும் முன் நாம் பாமினி, மயிலை, முரசு அஞ்சல் என்று பலவற்றில் எழுதினோம். திஸ்கி ஒரு பக்கம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப்பின் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் முறைகள் இன்னொரு பக்கம். பாமினி போன்றவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். பாமினியில் 'அம்மா' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. வன்தட்டைத் துடைத்து வட்டை ஏற்றியபின், எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் அது வெறும் உளறல்.

"கோப்பு கெட்டுவிட்டது" என்று பலர் அந்தக் கடிதங்களை அழித்திருக்கிறார்கள். தயவுசெய்து அழிக்க வேண்டாம். கெட்டது கோப்பு அல்ல, கண்ணாடிதான் காணோம். அதே எழுத்துருவை மறுபடி இறக்கினால் கடிதம் உயிர் பெறும். அல்லது பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகளில் ஒட்டினால் சில நொடிகளில் தமிழ் வந்துவிடும். தமிழக அரசும் 2010-ல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. மாற்றி வைத்ததை இன்று கைத்தொலைபேசியிலும் படிக்கலாம்.

வட்டைச் சொருகும் முன்

முதல் வேலை, உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. விண்டோஸ் எழும்பவில்லை என்றாலும் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு யு.எஸ்.பி. குச்சியில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியை எழுப்பினால், வன்தட்டைத் தொடாமல் படங்களையும் கடிதங்களையும் நகலெடுக்கலாம். புதிய கணிப்பொறிகளில் வன்தட்டு பூட்டப்பட்டிருக்கலாம்; அப்போது 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். வன்தட்டு 'டிக் டிக்' என்று தட்டுகிற சத்தம் போட்டால் மேலும் ஓட்டாமல் நிறுத்தி, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

படங்களோடு நிற்க வேண்டாம். எழுத்துருக்கள் உள்ள 'ஃபாண்ட்ஸ்' அடைவையும் நகலெடுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போன்ற பழைய நிரல்கள் கடிதங்களை மறைவான அடைவில் வைத்திருக்கும். அதையும் தேடி எடுங்கள். எடுத்த நகலை இன்னொரு கணிப்பொறியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்பக் கூடாது.

அதன் பிறகு வட்டைச் சொருகுங்கள். மடிக்கணிப்பொறியானால் மின்சார இணைப்பு இருக்கட்டும். நடுவில் அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டு இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே 8 ஜி.பி. யு.எஸ்.பி. குச்சியில் இறக்கிக்கொள்ளலாம், கணிப்பொறி அதற்கு ஏற்றதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்றி முடித்ததும் ஓர் எச்சரிக்கை. பழைய வட்டு பழைய ஓட்டைகளையும் சேர்த்தே கொண்டுவரும். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழு பரவியபோது, வட்டிலிருந்து புதிதாக ஏற்றிய எக்ஸ்பி கணிப்பொறிகள் திருத்தங்களை இறக்கி முடிக்கும் முன்பே பாதிக்கப்பட்டன. எக்ஸ்பிக்குத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான சேவை முடிந்தது. இப்படிப்பட்ட பழைய கணிப்பொறியைப் பழைய கடிதங்களைப் படிக்க வைத்துக்கொள்ளலாம்; வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

இரண்டு இடத்தில் இருக்கட்டும்

புராணத்தில் வேதம் ஓர் இடத்தில் இருந்தது, ஒருவன் திருடினான். நடைமுறையில் வேதம் பிழைத்தது பல வாய்களில் இருந்ததால். பதம், கிரமம், ஜடை, கனம் என்று ஒரே சொற்களைப் பலவிதமாக முன்னும் பின்னும் ஓதி, ஒருவர் தவறினால் மற்றவர் பிடிக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நமக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. ஒரு நகல் வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உடன்பிறந்தவர் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருந்தால் போதும்.

நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்காத ஊர்களில் இருக்கிறோம். பாட்டி சொல்ல அப்பா தட்டிய இரண்டு பக்கக் குடும்பக் கதைதான் நாளை அவர்களுக்குத் தங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லும் ஒரே தமிழ் எழுத்தாக இருக்கலாம். அதை எந்தக் கம்பெனியும் வட்டில் போட்டுத் தரப் போவதில்லை. வருகிற விடுமுறையில் ஒரு பிற்பகல் ஒதுக்கி, பழைய கணிப்பொறியைத் திறந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, அந்தக் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றி இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றும்போது சத்தமாகப் படித்தும் காட்டுங்கள்.