உங்களுக்குத் தெரியுமா? எதிரியின் களத்தில் வென்ற கோப்பை

ராஜதானியாகிய சென்னையைக் காட்டிலும் பெங்களூருக்கே அணித்தாக அமைந்த தர்மபுரி மாவட்டத்துக் கால்பந்து ரசிகர், தமிழகத்தின் அணியாகிய சென்னையின் எஃப்.சி.யின்மீது எத்துணைப் பற்றுடையவராயினும், தொழில்முறை ஆட்டத்தை நேரில் காண விழைந்தால், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியே பஸ் ஏறிப் பெங்களூரின் ஸ்ரீ கண்டீரவா மைதானத்தை அடைவதே சுலபம்.

அம்மைதானத்தில்தான் 2018 மார்ச் 17-ஆம் நாள் இந்தியன் சூப்பர் லீகின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. லீக் சுற்றில் முதலிடம் பெற்றிருந்த பெங்களூர் அணி, சொந்த ஜனங்களின் ஆரவாரத்தினிடையே, 9-ஆம் நிமிஷத்தில் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டிய கோலினால் முந்திக்கொண்டபோதிலும், சென்னை அணியின் பிரேசில் தேசத்துத் தடுப்பாட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ், கார்னரிலிருந்து உயர்ந்து வந்த பந்துகளை இருமுறை தலையால் முட்டி வலைக்குள் செலுத்தி, இடைவேளைக்குள் நிலைமையை அடியோடு மாற்றிவிட்டார். கோலைத் தடுக்க நியமிக்கப்பட்டவரே இறுதியாட்டத்தில் இரண்டு கோல் போடுவது அபூர்வமானதோர் சாதனை! பின்னர் ரஃபேல் அகஸ்டோவும் ஒன்று சேர்க்க, பெங்களூர் மேலும் ஒரு கோல் போட்டபோதிலும், சென்னை 3–2 என ஜயித்தது. பயிற்சியாளர், இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லாவை முன்னர் நடத்திய ஜான் கிரெகரி.

இன்னொரு விசேஷமும் உண்டு: 2015-இல் சென்னை தன் முதல் கோப்பையைப் பெற்றதும் கோவா அணியை அதன் சொந்த மண்ணிலேயே, அதே 3–2 கணக்கில் வீழ்த்தித்தான்.