பாதை கவிழ்ந்தால் பொறுப்பு யாருக்கு?

மண்முனைத்துறையில் பாதை ஏறிக் கொக்கட்டிச்சோலைக்குப் போன அனுபவம் காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு உண்டு. (பாதை என்றால் எங்கள் மட்டக்களப்பில் தெரு மட்டுமல்ல, வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர்.) எழுவான்கரையில் இருந்து புடவை மூட்டையோடு போன வியாபாரிகளும், படுவான்கரையில் இருந்து நெல்லும் தயிரும் கொண்டு வந்தவர்களும், சைக்கிளும், கைக்குழந்தையும் எல்லாம் ஒரே பலகைத் தட்டில்தான் நின்றன. 2014ஆம் ஆண்டு ஜப்பான் நாட்டு உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

அந்தக் காலத்தில் துறையில் ஒருவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால் என்ன செய்தார்கள்? வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், எண்ணெய் போட்டுக் கட்டினார்கள், "கழா கத்ர்" என்றார்கள். உக்கிய பலகை யாருடையது, கட்டணம் வாங்கியவர் யார், அனுமதி கொடுத்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. இறைவனின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்வது ஈமான். ஆனால் உக்கிய பலகையை மாற்றாமல் விட்டது மனிதனின் கவனயீனம். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொண்டதால் எத்தனை விதவைகளும் அநாதைகளும் தங்கள் ஹக்கை இழந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

கிண்ணியாவை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடந்துகொண்டிருந்ததால் மக்களை ஏற்றிப் போன பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அன்றைக்கே ஆறு உயிர்கள் போயின, பெரும்பாலோர் சிறுவர்கள். பாதையை நடத்தியவர்கள் கைதானார்கள். நகர சபைத் தலைவரும் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார்.

கைது என்றதும் "நீதி கிடைத்துவிட்டது" என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். பொலிஸார் நடத்துவது குற்ற வழக்கு. அது குற்றவாளியைத் தண்டிப்பதற்கு. பிள்ளையை இழந்த தாய்க்கும், கை முறிந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாத தந்தைக்கும் உரிய நட்டஈட்டைக் கேட்பது வேறு வழக்கு. அதை மாவட்ட நீதிமன்றத்தில் நாமேதான் தொடுக்க வேண்டும்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சகோதரிகள் கேட்கலாம். திருமணம், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றுக்கு நமக்கு முஸ்லிம் சட்டம் இருக்கிறது. காயத்துக்கும் மரணத்துக்கும் நட்டஈடு கேட்பதில் அப்படித் தனிச்சட்டம் கிடையாது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற உரோம டச்சுச் சட்டம்தான் நாட்டில் எல்லோருக்கும் பொது. ஆகவே இதைத் தூக்கிக்கொண்டு காதியாரிடம் போய்ப் பயனில்லை. அவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

சட்டத்தின் கேள்வி எளிமையானது. அந்த இடம் யாருடைய கைவசம் இருந்தது? இப்படி ஓர் ஆபத்து வரலாம் என்று புத்தியுள்ள ஒரு மனிதர் முன்கூட்டியே உணர்ந்திருப்பாரா? உணர்ந்து செய்யக்கூடிய காரியத்தை இவர் செய்யாமல் விட்டாரா? பாதை என்றால், எத்தனை பேர் ஏறலாம் என்று வரையறுத்திருந்தார்களா, மிதப்பு அங்கி இருந்ததா, பலகையைக் கடைசியாக யார் பார்த்தார் என்று கேட்பார்கள். கடை என்றால் ஈரத்தரையும் கைப்பிடி இல்லாத படியும். கல்யாண மண்டபம் என்றால் அறுந்து தொங்கும் மின்கம்பி. பிள்ளைகள் குர்ஆன் மத்ரசாவுக்குக் குறுக்கு வழியாகப் போகும் வளவில் கட்டில்லாத கிணறு கிடந்தால், பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்த வளவுக்காரருக்கும் இதே கேள்விதான். (நம் வீட்டுப் பின்வளவுக் கிணற்றையும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வது நல்லது. வழக்கில் எதிரியாக நாமும் நிற்க நேரலாம்.)

"நீயும் கவனமாக இருந்திருக்க வேண்டும்தானே" என்று எதிர்த்தரப்பார் வாயை அடைக்கப் பார்ப்பார்கள். நம் பக்கம் கொஞ்சம் பிழை இருந்தாலும் வழக்கு அதோடு போய்விடாது. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நம் பிழையின் அளவுக்கு நட்டஈடு குறையும், அவ்வளவுதான். அரசாங்கத்தின் சொத்தில் நடந்தால்? அரசின் மீதும் இவ்வாறான வழக்கைத் தொடுக்க 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது.

இனி, தாய்மார் முக்கியமாக அறிய வேண்டிய ஒன்று. உழைக்கும் கணவன் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் இழந்த பராமரிப்புக்கு நட்டஈடு கேட்கலாம் என்பது பழைய சட்டத்திலேயே இருந்தது. ஆனால் சிறு பிள்ளை இறந்தால்? பிள்ளை உழைக்கவில்லை, ஆகவே பெற்றோருக்குப் பண நட்டம் இல்லை என்பது அந்தச் சட்டத்தின் கணக்கு! சிறுமி ஒருத்தியின் மரணம் தொடர்பான மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்ப்பளித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றத்தில் அதுவும் இல்லாமல் போனது. பெற்றோரின் துயரத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லையா என்ற கேள்வி அதன் பின் வருடக்கணக்காகப் பேசப்பட்டது.

அதற்கு விடையாக வந்ததுதான் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். மற்றவரின் கவனயீனத்தால் ஒருவர் இறந்தால் வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் போன்ற நெருங்கிய குடும்பத்தார் இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் மன அதிர்ச்சிக்கும்கூட நட்டஈடு கேட்க அது இடம் தருகிறது. குறிஞ்சாக்கேணி விபத்து நடந்தபோது இந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் எத்தனை தாய்மாருக்கு அதை யார் எடுத்துச் சொன்னார்கள்?

இந்தியாவில் பெற்றோர் சேர்ந்து நின்ற ஒரு வழக்கு உண்டு. 1997 ஜூன் 13ஆம் திகதி டெல்லி உபஹார் திரையரங்கில் கீழ்த்தள மின்மாற்றியில் பிடித்த தீயின் புகையில் 59 பேர் மூச்சடைத்து இறந்தார்கள். மேலதிக இருக்கை போட்டு வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு தாயும் தந்தையும் மற்றக் குடும்பங்களைத் திரட்டிச் சங்கம் அமைத்து வழக்காடினார்கள். 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம், இறந்தவர் 20 வயதுக்கு மேற்பட்டவரானால் 10 இலட்சம், குறைந்தவரானால் ஏழரை இலட்சம் இந்திய ரூபாய் என்று தீர்த்தது. திரையரங்குக்காரர் 85 வீதமும் மின்சாரசபை 15 வீதமும் பொறுப்பு. ஒரு விபத்துக்கு ஒருவர்தான் பொறுப்பாளி என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அதற்குப் பதினான்கு வருடம் சென்றது என்பதையும் மறைக்கக் கூடாது.

நம்மிடம் பெரும்பாலும் வழக்கு தோற்பது நீதிமன்றத்தில் அல்ல, வீட்டில். காலம் கடந்துவிடுகிறது. நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவான காலம் இரண்டு வருடம். பிரதேச சபை, நகர சபை போன்றவற்றின் மீது என்றால் முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடுக்கக் கிடைப்பதும் மாதக் கணக்கே. கணவனை இழந்தவர் இத்தாவில் நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கிறார். "இத்தா முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று வீட்டார் ஒத்திப்போடுகிறார்கள். அந்த நாட்களுக்காகச் சட்டத்தின் மணிக்கூடு நிற்பதில்லை. சட்டத்தரணி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கலாம். சகோதரனுக்கு அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம். இத்தாவுக்கு இதனால் ஒரு குறையும் வராது. குற்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருப்பதும் இதே தவறுதான்.

இன்னொன்று சமாதானம். விபத்து நடந்த மூன்றாம் நாளே இடத்துக்காரர் சார்பில் நாலு பெரியவர்கள் வந்து ஒரு கடித உறையைத் தந்து வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சமாதானம் நல்லதுதான், ஊர் உறவு கெடக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் "எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி முறைப்பாடு இல்லை" என்று எழுதியிருந்தால் சட்டத்தரணி பாராமல் கையெழுத்து வைக்காதீர்கள். அனுதாபத்தில் தரும் உதவி வேறு, நட்டஈடு வேறு. ஆறு மாதம் கழித்து இரண்டாவது சத்திரசிகிச்சை என்று டொக்டர் சொல்லும்போது அந்தப் பெரியவர்கள் வரமாட்டார்கள்.

உதாரணமாக, காத்தான்குடிப் பெண் ஒருவர் கொக்கட்டிச்சோலையில் ஒரு கடைப் படியில் விழுந்து காலை முறித்தார் என்று வைத்துக்கொள்வோம். விபத்து நடந்த இடத்துக்குரிய கொக்கட்டிச்சோலைப் பொலிஸில்தான் முறைப்பாடு பதிய வேண்டும். மகிழடித்தீவு ஆஸ்பத்திரியில் முதலில் காட்டி, பிறகு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றினால் இரண்டு இடத்துத் துண்டுகளும் வேண்டும். உடைந்த படியை அன்றைக்கே படம் எடுக்க வேண்டும், மறுநாள் சீமெந்து பூசிவிடுவார்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரின் பெயர், விலாசம் எழுதி வைக்க வேண்டும். கூலிக்கு வேலை செய்யும் இடத்தில் நடந்திருந்தால், 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று வேறொரு வழியும் உண்டு.

சட்டத்தரணிக்குப் பணம் இல்லையே என்பவர்களுக்காக 1978இல் சட்டப்படி அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பிலும் அதன் நிலையம் உண்டு. வசதி குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடுகிறார்கள். போகும்போது அடையாள அட்டை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டுகள், மருந்துச் சிட்டைகள், வருமானம் பற்றிய கிராம சேவகரின் கடிதம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மௌத்தானவருக்காக என்றால் மரண அத்தாட்சிப் பத்திரமும், திருமணப் பதிவுச் சான்றும், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிகளும் கூட.