பழைய ஃபைபர் போட்: பட்டி பார்ப்பது வேறு, பழுது பார்ப்பது வேறு

மரப்படகு என்றால் பலகை உளுத்துப் போயிருப்பது தெரிந்துவிடும். இரும்பு என்றால் துரு காட்டிக்கொடுக்கும். ஃபைபர் போட் அப்படியில்லை. மேலே புதுசா நீலப் பெயிண்ட் அடித்து, அணியத்தில் சாமி பெயரையும் எழுதிவிட்டால், பதினைந்து வருஷப் படகுகூட நேத்து கடலில் இறக்கின மாதிரி நிற்கும். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

எங்க பெரியப்பா மகன் நாகப்பட்டினம் பக்கம் மீன் வியாபாரத்தில் இருக்கிறார். இரண்டு வருஷம் முன்னாடி, ஒரு பழைய ஃபைபர் போட் விலைக்கு வருகிறது, பங்கு போட்டு வாங்கலாம் என்று இருந்தார். "தம்பி, நீதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிப்பியே, இதையும் பாத்துச் சொல்லேன்" என்றார். சாஃப்ட்வேர்காரனுக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் படகு கட்டும் கையேடுகள், ரெசின் கம்பெனிகளின் தொழில்நுட்பத் தாள்கள் என்று இரவெல்லாம் போனது. லீவு நாளில் ஓரிரு பட்டறைகளில் நின்று வேடிக்கையும் பார்த்தேன். அதில் தேறியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடியும் பசையும்

ஃபைபர் போட் என்பது இரண்டு பொருள்களின் கூட்டு. ஒன்று, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி இழை. இன்னொன்று, அந்த இழைகளைச் சேர்த்துப் பிடிக்கிற பாலியெஸ்டர் ரெசின். இழுவையைத் தாங்குவது இழை. இழைகளை இடத்தில் நிறுத்தி, ஒன்றின் பாரத்தை மற்றதுக்குக் கடத்துவது ரெசின். வெளியே வழவழப்பாகத் தெரிவது ஜெல்கோட் என்ற மெல்லிய பூச்சு. அது தண்ணீரையும் வெயிலையும் தடுக்கும், ஆனால் அதற்குப் பெரிய பலம் ஒன்றும் கிடையாது.

இந்தக் கூட்டில் முதல் படகுகள் வந்தது 1940களில், அமெரிக்காவில். நம்ம ஊருக்கு இது வேகமாகப் பரவியதில் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டுமரமும் வள்ளமும் இழந்தவர்களுக்கு நிவாரணமாக வந்தவற்றில் ஏராளமானவை ஃபைபர் படகுகள். அவசரத்தில் கட்டப்பட்ட பல படகுகளின் தரம் பற்றி அப்போதே கேள்விகள் எழுந்தன.

பட்டறையில் நடப்பது இதுதான். நறுக்கிய இழைகளை விரிப்பு மாதிரி ஆக்கிய 'மேட்டு' ஒன்றை விரிப்பார்கள். ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து அதன்மேல் பூசி, ரோலரால் காற்றுக்குமிழியை நசுக்கி வெளியேற்றுவார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டு ஒரு அடுக்கு போட்டால் சுமார் 1 மில்லிமீட்டர் கனம் கிடைக்கும். 6 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் ஆறு அடுக்கு. ரெசின் கூடுதலாக இருந்தால் பலம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர் எதிர். இழை நனையத் தேவையானதற்கு மேல் போகிற ரெசின் வெறும் எடைதான், அடி பட்டால் நொறுங்கும்.

ஒட்டுப் போடுவதன் ரகசியம்

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த விஷயம் இது. புதுப் படகு கட்டும்போது முதல் அடுக்கு முழுசாக இறுகுவதற்குள் அடுத்த அடுக்கைப் போடுகிறார்கள். அப்போது இரண்டு அடுக்கின் மூலக்கூறுகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரே பொருளாகிவிடும். பத்து வருஷம் கழித்து ஓட்டையை அடைக்கும்போது அது நடக்காது. பழைய ரெசினில் கோத்துக்கொள்ளக் கை மிச்சம் இல்லை. புது ஒட்டு, சுரண்டிய தடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இரும்பை வெல்டிங் செய்வது போல உருகிச் சேர்வது கிடையாது, பசை போட்டு ஒட்டுவதுதான்.

இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பசையின் பலம் பரப்பளவைப் பொறுத்தது. அதனால் ஓட்டையின் விளிம்பைச் செங்குத்தாக வெட்டி அடைத்தால் அது பாட்டிலுக்குத் தக்கை வைத்த மாதிரி. அலை அடித்தால் விளிம்போடு பிய்ந்து வரும். விளிம்பைச் சுற்றிக் கிரைண்டரால் தட்டு மாதிரி சரிவாகத் தேய்க்க வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 12-க்கு 1. கனம் 6 மில்லிமீட்டர் என்றால், சுற்றிலும் 72 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. அதாவது 10 சென்டிமீட்டர் ஓட்டைக்கு, தேய்க்க வேண்டிய வட்டம் 24 சென்டிமீட்டருக்கு மேல், ஒரு சாண் அகலத்துக்கும் கொஞ்சம் அதிகம்.

"சின்ன ஓட்டைக்கு எதுக்குங்க இவ்ளோ தேய்க்கணும்?" என்று படகு சொந்தக்காரர்கள் கேட்பார்களாம். நியாயமான சந்தேகம்தான். நல்ல இடத்தையும் சேர்த்துத் தேய்ப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தச் சரிவில்தான் மொத்தப் பலமும் இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு மேலே பட்டி தடவி, சீவி, பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கரையில் தெரியாது.

தேய்ப்பதற்கு முன்பே மெழுகு, எண்ணெய், உப்பு எல்லாம் கழுவிப்போக வேண்டும். மெழுகு இருக்கும்போது தேய்த்தால் அது தடங்களுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். உப்பு மிச்சம் இருந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

பாலியெஸ்டரா, எபாக்ஸியா? பழைய பரப்பைப் பிடிப்பதில் எபாக்ஸி கெட்டிக்காரன். விலையும் அதிகம். ஆனால் ஒரு சிக்கல். சாதாரண மேட்டில் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பசைப்பொடி, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீனில் கரைவதற்காகச் செய்தது. எபாக்ஸியில் ஸ்டைரீன் கிடையாது. அதனால் எபாக்ஸி போடுவதாக இருந்தால் மேட்டுக்குப் பதில் நெய்த கண்ணாடித் துணிதான் சரி.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. கோபால்ட் ஆக்ஸலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுசாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சித்திரை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும், ஒரு மக் நிறையக் கலந்து வைத்தால் அதன் சூட்டிலேயே புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கண்ணாடித் தூசிக்கு வாயில் துண்டு கட்டினால் போதாது, சரியான மாஸ்க் வேண்டும்.

உள்ளே ஒளிந்திருக்கும் தண்ணீர்

ஃபைபர் மக்காது என்பது உண்மை. ஆனால் ஃபைபர் போட்டுக்குள் ஃபைபர் மட்டும் இல்லை. வெளியே தொங்கும் எஞ்சினைத் தாங்க, அமரத்துப் பலகையில் பெரும்பாலும் ப்ளைவுட் வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்தியிருப்பார்கள். எஞ்சினை மாட்ட போல்ட்டுக்கு ஓட்டை போடுகிறோம். அந்த ஓட்டையின் உள்சுவரை யாரும் அடைப்பதில்லை. தண்ணீர் கசிந்து ப்ளைவுட்டுக்குள் போகிறது. வெளியே வர வழியில்லை. மரம் உள்ளேயே ஊறி, கூழாகிறது. வெளித்தோல் மட்டும் கம்பீரமாக நிற்கும். அந்தப் பலகைமேல்தான் எஞ்சினின் முழுத் தள்ளுவிசையும் விழுகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி, தட்டிப் பார்ப்பது. சின்னச் சுத்தியலோ, ஸ்குரூடிரைவரின் கைப்பிடியோ போதும். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். உளுத்த இடமும், அடுக்கு பிரிந்த இடமும் 'தொத் தொத்' என்று மந்தமாகக் கேட்கும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது புதுசில்லை. அண்ணன் போனில் வீடியோ போட்டுக்கொண்டே தட்டினார். பக்கவாட்டில் எல்லாம் நல்ல சத்தம். அமரத்துப் பலகையில் கீழ்ப்பாதி முழுக்க மந்தம். விற்கிறவர் சம்மதத்தோடு கீழ் போல்ட் ஒன்றைக் கழற்றினார்கள். பழுப்பாக, புளித்த வாடையோடு தண்ணீர் வடிந்தது. பலகை மாற்ற என்ன ஆகும் என்று பட்டறையில் கேட்டு, அதைக் கழித்து விலை பேசினார். விற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை, வாங்கவில்லை.

சரிசெய்ய வேண்டும் என்றால், உள்பக்கத்துத் தோலை வெட்டி எடுத்து, உளுத்த மரம் மொத்தத்தையும் சுரண்டி, புது ப்ளைவுட் வைத்து மறுபடி அடுக்கு போட வேண்டும். பிறகு போல்ட் ஓட்டையைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவில் துளைக்க வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்ஸிச் சுவர், தண்ணீர் மரத்தைத் தொடாது. அரை நாள் வேலைதான் கூடுதல். அது பலகைக்குப் பல வருஷம் ஆயுள் கொடுக்கும்.

மிதவை அறையில் அடைத்திருக்கும் ஃபோமும் இப்படித்தான், பழசானால் தண்ணீர் குடிக்கும். மிதக்க உதவ வேண்டியது எடையைக் கூட்டும். மாற்றும்போது தெர்மகோலை வைத்து அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் பூசினால், ஸ்டைரீனில் தெர்மகோல் கரைந்து காணாமல் போகும்.

அலுமினியம்: வேறு நோய், வேறு மருந்து

நம்ம கடற்கரையில் அலுமினியப் படகு அபூர்வம். அமெரிக்க, கனடா ஏரிகளில் அது சர்வசாதாரணம். இரண்டாம் உலகப்போரில் போர் விமானம் கட்டிய கிரம்மன் நிறுவனம், போர் முடிந்ததும் அதே ரிவெட் வேலையை வைத்து அலுமினியக் கேனோ செய்தது. அந்தப் பழைய கேனோக்களில் பல இன்னும் ஓடுகின்றன.

அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், நசுங்கியது தெரியும். அந்த வகையில் ஃபைபரைவிட ஒளிவுமறைவு இல்லாதது. அதன் எதிரி வேறு. அலுமினியப் பாத்திரத்தில் உப்பும் புளியும் நாள்கணக்கில் கிடந்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும் இல்லையா? கூடவே செம்பு மாதிரி இன்னொரு உலோகமும் உப்புத்தண்ணீரில் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு பேட்டரியே உருவாகிறது. அதில் கரைந்து போவது அலுமினியம். அதனால்தான் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டை அலுமினியப் படகுக்கு அடிக்கக் கூடாது. செம்பு மருந்து ஏற்றிய மரத்தை எஞ்சின் பலகையாக வைத்தால் மரம் உளுக்காது, படகு உளுத்துவிடும்.

ரிவெட் தளர்ந்து கசிந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே கனமான இரும்புக்கட்டியை அண்டக்கொடுக்க, மற்றவர் வெளியிலிருந்து தட்டி இறுக்குவார். விரிசல் விட்டிருந்தால் முதலில் அதன் இரு முனையிலும் சின்ன ஓட்டை போடுவார்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் கூரான முனையில் குவியும் அழுத்தம் வட்ட விளிம்பில் பரவிவிடுவதால் விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு தகடு வைத்து ரிவெட் அடிக்கலாம், இல்லை வெல்டிங். வெல்டிங்கிலும் ஒரு சங்கடம் உண்டு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன்மேல் இருக்கும் ஆக்ஸைடு படலமோ 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். படலத்தைச் சுரண்டிய கையோடு வேலையை முடிக்க வேண்டும், காற்று பட்டதும் மறுபடி உருவாகத் தொடங்கிவிடும்.

எங்கே போகும் பழைய படகு?

அலுமினியப் படகு பழுது பார்க்க முடியாத நிலைக்குப் போனாலும் காயலான் கடையில் காசு கிடைக்கும். அதை உருக்கிப் புது அலுமினியம் எடுக்க, தாதுவிலிருந்து எடுப்பதில் சுமார் 5 சதவீத ஆற்றல் போதும். ஃபைபருக்கு அந்த வழி இல்லை. இறுகிய பாலியெஸ்டர் திரும்ப உருகாது. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும். நம்ம கடற்கரைகளில் பாதி மணலில் புதைந்து கிடக்கும் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். யாரும் எடுத்துப் போகாததற்குக் காரணம் இதுதான்.

அதனால் ஃபைபர் போட்டை ஒழுங்காகப் பழுது பார்த்து இன்னும் பத்து வருஷம் ஓட்டுவது சிக்கனம் மட்டும் இல்லை, அந்தப் பொருளுக்கு நாம் கொடுக்கக்கூடிய ஒரே நல்ல முடிவும் அதுதான். ஆனால் 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய படகு வாங்கும்போது விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஒட்டுப் போட்ட இடத்தில் எவ்வளவு தூரம் தேய்த்தீங்க? பெயிண்ட் அடிக்கும் முன் எடுத்த போட்டோ இருக்கா? அமரத்துப் பலகையைத் தட்டிப் பார்க்கலாமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அடுத்து விலையைப் பேசலாம். வராவிட்டால், கரையிலிருந்து பல மைல் தள்ளி அந்தப் பலகைமேல் எஞ்சின் ஓடப்போவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.