கரையான் துளைத்த குழல்

யூகலிப்டஸ் மரத்தடியில் நின்று பெரியவர் அடிமரத்தைத் தட்டிப் பார்க்கிறார். சத்தம் கெட்டியாகக் கேட்டால் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவார். உள்ளே கரையான் தின்று கூடாகியிருந்தால்தான் அது யிடாகிக்கு ஆகும். உலகம் டிஜெரிடூ என்று அழைக்கும் நீண்ட குழலுக்கு, ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள ஆர்னெம் லேண்டில் யோல்ங்கு மக்கள் வைத்திருக்கும் பெயர் யிடாகி.

அதைப் பழக்கும் விதம் நமக்கு அந்நியமில்லை. தாளத்தை வாயால் சொல்லிக் காட்டுகிறார்கள், மிருதங்கக்காரர் சொற்கட்டு சொல்கிற மாதிரி. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுக்கும் வித்தை, நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைக் கவனித்தவர்களுக்குத் தெரிந்ததுதான்.

பாட்டு விஷயம்தான் வேறு. மனிகாய் எனப்படும் பாடல்கள் ஒவ்வொரு குலத்துக்கும் தனித்தனி. எந்தக் கடற்கரை, எந்தக் காற்று, எந்தப் பறவை என்று அவை பேர்சொல்லிப் பாடுகின்றன. கிட்டத்தட்ட நிலப் பட்டா மாதிரி. தங்கள் நிலத்தில் வந்த பாக்சைட் சுரங்கத்தை எதிர்த்து யோல்ங்கு மக்கள் போட்ட வழக்கில், 1971-ல் நீதிபதி இவர்களிடம் நுட்பமான சட்ட அமைப்பு இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் நில உரிமை கிடையாது என்றே தீர்ப்பெழுதினார். அப்படிப்பட்ட பாட்டை, குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக யாரும் எடுத்துப் பாடிவிட முடியாது. சொல்லிக்கொடுக்கவும் உரிமை வேண்டும். வெளியூர் இசை ஆசிரியரை விமானத்தில் ஏற்றி, பத்து கிட்டாரையும் உடன் அனுப்பிவிட்டால் உதவி முடிந்தது என்று நினைப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பாட்டுக்கு உரிய பெரியவரிடம் ஆசிரியர் பட்டம் இருக்காது. பட்டம் கேட்காமல் அவருக்குச் சம்பளம் கொடுப்பதுதான் முதல் உதவி என்பேன்.

இதை உள்ளிருந்தே அறிந்தவர் மண்டாவுய் யுனுபிங்கு. 1988-ல் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கி, 1990-ல் யிர்கலா பள்ளியின் முதல்வரானவர். 'யோத்து யிண்டி' இசைக்குழுவோடு 'ட்ரீட்டி' பாட்டை நாடு முழுக்க ஒலிக்கச் செய்தவரும் அவரே. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் முகத்துவாரத்தைக் குறிக்கும் 'கன்மா'வைத்தான் தன் கல்விமுறைக்கு உவமையாக வைத்தார்: தாய்மொழி அறிவும் ஆங்கிலப் படிப்பும் கலக்கட்டும், ஒன்று மற்றொன்றை விழுங்க வேண்டாம். ஆனால் 2008-ல், ஆர்னெம் லேண்டை ஆளும் வடக்குப் பிராந்திய அரசு, பள்ளியின் முதல் நான்கு மணிநேரம் ஆங்கிலத்துக்கே என்று அறிவித்தது. மதிய வெயிலில் பிள்ளைகள் சோர்ந்த பிறகு தாய்மொழிக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

வெளியாள் வரவே கூடாது என்று சொல்லவில்லை. டபுள் பாஸ் கலைஞர் மைக்கேல் ஹோனன் 1990-களில் யோல்ங்கு மக்கள் வாழும் எல்கோ தீவுக்கு இசைப் பயிற்சி நடத்தப் போனார். அங்கே பழக்கமானவர்களில் ஒருவர் பிறவியிலேயே பார்வையில்லாத ஜெஃப்ரி குருமுல் யுனுபிங்கு. இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குத் தந்தி கட்டிய கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துத் தானாகவே பழகியிருந்தார். 'சரியாகப் பிடி' என்று யாரும் திருத்தாமல் விட்டது நாம் செய்த பாக்கியம். ஹோனன் அவருக்கு ஆசிரியராக நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாஸ் வாசித்தார், மேடையில் அவருக்காகப் பேசினார். மார்க் குரோஸுடன் சேர்ந்து டார்வினில் 'ஸ்கின்னிஃபிஷ்' என்ற இசை நிறுவனத்தையும் நடத்தினார். 2008-ல் வந்த 'குருமுல்' ஆல்பம் அதன் பலன்.

குருமுல் 2017-ல், 46 வயதில் இறந்தார். சிறுவயதில் தொற்றிய ஹெபடைடிஸ் பி அவர் உடம்பைக் கெடுத்திருந்தது. நல்ல பாடகரை உருவாக்கிவிட்டு மருத்துவமனையைத் தூரத்தில் வைத்திருக்கும் ஊர்களில் இசைக்கல்வி பற்றித் தனியாகப் பேசுவதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் இறந்த மறு ஆண்டு வெளியான 'ஜரிமிரி' ஆல்பத்தில் யிடாகியின் தாளக்கட்டை செல்லோக்கள் வாசிக்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடி மொழியில் அமைந்து, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஆல்பம் அது.

யோல்ங்கு வழக்கப்படி இறந்தவரின் பெயரைச் சொல்லக் கூடாது, படத்தைக் காட்டக் கூடாது. ஆல்பத்தை என்ன பெயரில் விற்பது? குடும்பத்தாரிடம் கேட்டார்கள். அவர்கள் பெயருக்கும் படத்துக்கும் அனுமதி கொடுத்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயரை எழுத முடிகிறது.