ஒரு தடவை வந்தால் மறுபடி வராதா?

"அம்மை ஒரு தடவை போட்டால் போதும், ஆயுசுக்கும் வராது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். தட்டம்மையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மைதான். அதை எப்படி நிரூபித்தார்கள் என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். "போன வருஷம் எனக்கு வந்தது, இந்த வருஷம் வரவில்லை. அப்படியானால் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது" என்கிறோம். இந்த வருஷம் கிருமி நம் பக்கம் எட்டிப் பார்த்ததா? அது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. குடையில் ஓட்டை இருக்கிறதா என்பது வெயிலில் தெரியாது. மழை பெய்ய வேண்டும். குடையில்லாத ஒருவரும் கூடவே நடந்து வர வேண்டும். அவரும் நனையவில்லை என்றால், நம் குடையைப் பாராட்ட ஒன்றுமில்லை.

வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபாரோ தீவுகளுக்கு 1846-இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு தட்டம்மையும் வந்து இறங்கியது. சுமார் 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் சில மாதங்களுக்குள் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் என்பவர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். அங்கே முந்தைய தட்டம்மை 1781-இல் வந்தது. நடுவில் 65 ஆண்டுகள் அந்த நோயே இல்லை. 1781-இல் அம்மை வந்து பிழைத்திருந்த முதியவர்கள் 98 பேரைப் பற்றி அவருக்குத் தெரியவந்தது. ஒருவருக்கும் மறுபடி வரவில்லை.

"வயதானவர்களுக்கே தட்டம்மை வராதோ என்னவோ?" என்று நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பானும் அதையும் பார்த்திருந்தார். 1781-இல் தப்பித்திருந்த முதியவர்கள், கிருமி எட்டியதும் இம்முறை படுத்தார்கள். அதே முதுமை, அதே தீவு, அதே நோய். வித்தியாசம் பழைய அம்மை மட்டும்தான். அந்த அறிக்கைக்கு உயிரே இந்த ஒப்பீடுதான் என்பேன். ஒன்றை மறக்கக் கூடாது: 1781-இல் இறந்தவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

கொரோனாக் காலத்தில் பிரிட்டனின் 'சைரன்' ஆய்வும் இதே வழியில்தான் போனது. 25,000-க்கும் மேற்பட்ட மருத்துவமனை ஊழியர்களைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே தொற்று வந்தவரும் வராதவரும் அங்கே ஒரே மாதிரியான இடங்களில் வேலை செய்கிறார்கள். கிருமியை இருவரும் சந்திப்பார்கள். காய்ச்சல் வரட்டும் என்றும் காத்திருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிசிஆர் பரிசோதனை. இரண்டாம் தொற்று அறிகுறியே இல்லாமல் வந்துபோகலாம். படுத்தவர்களை மட்டும் எண்ணினால் பாதுகாப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்.

முன்பே வந்தவர்களுக்கு மறுதொற்று அபாயம் 84 சதவீதம் குறைவு என்று 2021-இல் முடிவு வெளியானது. ஆனால் அவர்களைப் பின்தொடர்ந்தது சில மாதங்கள்தான். அதுவும் ஒமைக்ரான் என்ற உருமாறிய கொரோனா வகைக்கு முன்னால். தட்டம்மைக் கிருமி அவ்வளவாக உருமாறுவதில்லை, கொரோனா மாறிக்கொண்டே இருக்கிறது. ஒமைக்ரான் வந்தபின் மறுதொற்று சாதாரணமாகிவிட்டது. ஃபாரோவின் 65 ஆண்டைக் கொரோனாவுக்குக் கடன் கொடுக்க முடியாது.