ஃப்ரெஷரின் இரண்டு நாள், ஏஐயின் பத்து நிமிடம்

பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஓர் ஐடி அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன பெண்ணுக்கு, ஒரு கோளாறைச் சரிசெய்யச் சொல்லி டிக்கெட் வருகிறது. வெளிநாட்டு வங்கி ஒன்றின் மென்பொருளில் மாதாந்தர அறிக்கை எடுத்தால், 31ஆம் தேதி நடந்த வரவு செலவு மட்டும் விடுபட்டுப்போகிறது. கோளாறு சின்னதுதான். 31ஆம் தேதி வரை என்று எழுதிய வரியை, அந்தத் தேதி பிறக்கும் நள்ளிரவு வரை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அன்று முழுக்க நடந்தது எதுவும் அறிக்கைக்குள் வராது.

இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளில் நாற்பது ஃபைல்களைத் திறந்து பார்ப்பார். பக்கத்து சீட் சீனியரிடம் தயங்கித் தயங்கி இரண்டு முறை கேட்பார். அந்த வங்கி எந்த ஊர் நேரப்படி நாளை முடிக்கிறது, கணக்கை இரவில் சரிபார்ப்பது யார், இதே வரியை வேறு எத்தனை அறிக்கைகள் நம்பி நிற்கின்றன என்பதெல்லாம் போகிற போக்கில் அவருக்குத் தெரிந்துவிடும். இன்று அதே டிக்கெட்டை ஏஐ உதவியாளரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் திருத்தம் தயார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஐடி வேலை இருக்குமா, போகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் கவலை. அவர் தொழில் கற்றுக்கொண்டது அங்கேதான்.

மேடும் பள்ளமும்

ஏஐ எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளரவில்லை. 2025 ஜூலையில் சர்வதேசக் கணித ஒலிம்பியாட் வினாக்களுக்கு கூகுள் டீப்மைண்ட், ஓபன்ஏஐ இரண்டின் மாடல்களும் 42க்கு 35 மதிப்பெண், அதாவது தங்கப் பதக்கத் தரத்தில் விடை எழுதின. அதற்குக் கொஞ்ச காலம் முன்புவரை, ‘ஸ்ட்ராபெரி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஆர்’ எத்தனை என்று கேட்டால் சாட்பாட்கள் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தன.

இந்த மேடு பள்ளத்தை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்களும் பாஸ்டன் கன்சல்டிங் குழுமமும் சேர்ந்து 758 ஆலோசகர்களை வைத்து நடத்தியது. ஏஐக்குக் கைவந்த வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் 25 சதவீதத்துக்கும் மேல் வேகமாக முடித்தார்கள். வேலையின் தரமும் வெகுவாகக் கூடியது. ஏஐயின் எல்லைக்கு வெளியே இருந்த ஒரு வேலையிலோ, ஏஐயை நம்பியவர்கள் சரியான விடைக்கு வருவது 19 சதவீதப் புள்ளி குறைந்தது. இரண்டு வேலைகளும் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே கடினம்தான். எது எல்லைக்கு உள்ளே, எது வெளியே என்பது வேலை செய்கிறவருக்கே தெரியவில்லை.

மென்பொருளிலும் இதே கதைதான். 2025இல் மெட்ர் என்ற அமைப்பு, அனுபவமுள்ள 16 டெவலப்பர்களுக்கு அவர்களுக்கு நன்கு பழகிய நிரல்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. அன்றைய ஏஐ கருவிகளோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. அவர்களோ 20 சதவீதம் வேகமாக முடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன. ஆனாலும் எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்பது இதில் தெரிகிறது. சிறிய வேலை, தெளிவாக எழுதிக்கொடுத்த வேலை, சரியா தப்பா என்று உடனே சோதித்துப் பார்க்கக்கூடிய வேலை என்றால் ஏஐ கெட்டிக்காரன். பத்து வருடப் பழக்கத்தில் ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் விஷயம் என்றால் தடுமாறுகிறது.

ஃப்ரெஷர்களுக்கு நாம் இதுவரை கொடுத்து வந்ததோ அந்த முதல் வகை வேலைதான். டெஸ்ட் கேஸ் எழுதுவது, சின்ன பக் சரிசெய்வது, எல்-1 எனப்படும் முதல் நிலை சப்போர்ட், பழைய நிரலைப் புதிய மொழிக்கு மாற்றுவது எல்லாமே அதில் அடக்கம். இதன் விளைவு அமெரிக்கச் சம்பளப் பதிவுகளில் ஏற்கெனவே தெரிய ஆரம்பித்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யோல்ஃப்சன் குழு வெளியிட்ட கட்டுரை அதைச் சொன்னது. ஏஐ அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுள்ளவர்களின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் சரிந்திருக்கிறது. அதே தொழில்களில் மூத்தவர்களின் நிலையில் பெரிய மாற்றமில்லை.

அடி அகன்ற கூம்பு

இந்தியாவுக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, நம் ஐடி சேவை நிறுவனங்கள் சம்பாதிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கிளையண்டுக்கு ஆள் கணக்கிலும் மணி கணக்கிலும் பில் போடுவார்கள். உச்சியில் சில ஆர்க்கிடெக்ட்கள், நடுவில் மேனேஜர்கள், அடியில் வருடத்துக்கு மூன்றரை லட்சம் ரூபாய் அளவில் சம்பளம் வாங்கும் ஃப்ரெஷர்கள் ஆயிரக்கணக்கில். அடி எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம். இந்தத் தொடக்கச் சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுமார் 58 லட்சம் பேர் வேலை பார்க்கும் துறை இது.

அந்தக் கூம்பு ஆட்டம் காண்பதற்கு ஏஐ மட்டும் காரணமில்லை. இதைச் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. கொரோனா காலத்தில் வந்த வேலைகளை நம்பி நிறுவனங்கள் அள்ளி அள்ளி ஆள் எடுத்தன. டிசிஎஸ் 2021-22இல் மட்டும் ஒரு லட்சம் ஃப்ரெஷர்களைச் சேர்த்தது. அலை வடிந்ததும், 2023-24இல் டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ 64,000 பேர் குறைந்தார்கள். ஏஐ அப்போதுதான் அலுவலகங்களுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தை, சுமார் 12,000 பேரை, நீக்கப்போவதாக அறிவித்தது. நடுநிலை, மூத்த நிலை ஊழியர்களே அதிகம். காரணம் ஏஐ இல்லை, திறன் பொருந்தாததுதான் என்றார் அதன் தலைமை நிர்வாக அதிகாரி கே. கிருத்திவாசன். இரண்டையும் முழுதாகப் பிரித்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. நூறு பேரை வேலை வாங்குவதே ஒரு மேனேஜரின் வேலையாக இருந்தால், அந்த நூறு நாற்பதாகும்போது அவருக்கும் வேலை குறையும். நாற்பத்தைந்து வயதில், வீட்டுக்கடனும் கல்லூரிக்குப் போகும் பிள்ளையுமாக இருப்பவரிடம் ‘ரீஸ்கில்’ செய்துகொள்ளுங்கள் என்று சொல்வது எளிது. அதற்கான நேரத்தையும் சம்பளத்தையும் யார் தருவது?

யார் கையில் இருக்கிறது?

சீரில்லாத வளர்ச்சிக்கு இன்னொரு முகம் உண்டு. அது நாடுகளுக்கு இடையில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் ஏஐ குறியீட்டு அறிக்கைப்படி, 2024இல் அமெரிக்காவில் ஏஐக்கு வந்த தனியார் முதலீடு சுமார் 109 பில்லியன் டாலர். சீனாவில் 9.3 பில்லியன். 2024 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் தந்த இந்தியாஏஐ மிஷனுக்கு ஐந்து ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 10,372 கோடி ரூபாய். டாலரில் ஒன்றேகால் பில்லியன் அளவு. அரசுப் பணத்தையும் தனியார் முதலீட்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பது முழுக்கச் சரியில்லை. தூரம் எவ்வளவு என்பதாவது அதில் தெரியும்.

திறமையான ஆள் நம்மிடம் இல்லாமல் இல்லை. இன்றைய சாட்பாட்களுக்கெல்லாம் அடித்தளமான ‘டிரான்ஸ்ஃபார்மர்’ ஆய்வுக் கட்டுரையை 2017இல் எழுதிய எட்டுப் பேரில் அசிஷ் வாஸ்வானி, நிகி பர்மார் இருவரும் இந்தியாவில் பொறியியல் படித்தவர்கள். கட்டுரை வந்தது கூகுளிலிருந்து. கண்டுபிடிக்கும் வேலை அங்கே. அந்த மாடல்களுக்காகப் படத்தில் கட்டம் போட்டு ‘இது கார், இது மாடு’ என்று குறிக்கும் வேலை விருத்தாசலம் போன்ற ஊர்களுக்கு வந்திருக்கிறது. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. சொந்த ஊரிலேயே கிடைக்கும் மாதச் சம்பளம் அது. ஆனால் அதிலிருந்து மேலே போக வழி குறுகல்.

தமிழும் இந்தத் தூரத்தின் விலையைக் கொடுத்திருக்கிறது. ஏஐ மாடல்கள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக நறுக்கிப் படிக்கின்றன. நிரல் வழியாகப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கட்டணமும் துண்டு கணக்கில்தான். 2024 மே மாதம் ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கணக்கு இது: ஓர் அறிமுக வாசகம் ஆங்கிலத்தில் பழைய முறைப்படி 27 துண்டு, அதே வாசகம் தமிழில் 116. புதிய முறையில் தமிழ் 35ஆக இறங்கியது, ஆங்கிலம் 24. அதுவரை தமிழில் ஒரு செயலி செய்ய நினைத்த இளைஞர், ஒரே விஷயத்தைச் சொல்ல நான்கு மடங்குக்கும் மேல் துண்டுகளைச் செலவழிக்க வேண்டியிருந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு அது. ஐஐடி மெட்ராஸில் இந்திய மொழிகளுக்காக இயங்கும் ஏஐ4பாரத்தும், அங்கிருந்து கிளைத்த சர்வம் போன்ற நிறுவனங்களும் செய்யும் வேலை எனக்கு முக்கியமாகப் படுவதற்கு இதுதான் காரணம்.

வேறு கதவுகள் திறக்கவில்லையா? திறக்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நேரடியாக நடத்தும் ஜிசிசி மையங்கள் 2024 கணக்குப்படி 1,700க்கும் மேல். சுமார் 19 லட்சம் பேர் அவற்றில் வேலை பார்க்கிறார்கள். சம்பளமும் அதிகம். ஆனால் அவை பெரும்பாலும் தேடுவது நாலைந்து வருட அனுபவம் உள்ளவர்களை. அந்த அனுபவத்தை இதுவரை கொடுத்தவை ஐடி சேவை நிறுவனங்கள்தாம். சிவில் படித்தவரையும் மெக்கானிக்கல் படித்தவரையும் எடுத்து, மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்து, புராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளமும் கொடுத்தன. வீட்டில் முதல் பட்டதாரி, ஆங்கிலம் பேசக் கூச்சம், சென்னைக்கே முதல் முறையாக வருகிறவர் என்று எத்தனையோ பேருக்கு உண்மையான கல்லூரி அதுதான். கல்லூரி தராத ஒன்றைக் கம்பெனி தந்தது. கம்பெனியும் கைவிட்டால் அவர் எங்கே போவார்?

தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரிக்குள்ளேயே பயிற்சி தருகிறது. அதில் இன்னும் ஒரு கருவிக்கு இன்னும் ஒரு சான்றிதழ் சேர்ப்பதைவிட, ஓடிக்கொண்டிருக்கும் நிஜ மென்பொருளில் ஒரு சீனியரின் கண்காணிப்பில் ஆறு மாதம் வேலை பார்க்க வைப்பது பலன் தரும் என்று நினைக்கிறேன். ஏஐ தந்த திருத்தத்தை வரி வரியாகப் படித்து, இது ஏன் சரி, வேறு எந்த அறிக்கையை இது கெடுக்கும் என்று சொல்லப் பழக்க வேண்டும். அதற்கான செலவில் பாதியை நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. நாலு வருடம் கழித்து அனுபவசாலிகளைத் தேடி அலையப்போவதும் அவைதாம்.

கேம்பஸ் இன்டர்வியூ முடியும்போது, ‘ஏதாவது கேட்க வேண்டுமா?’ என்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ‘இல்லை சார்’ என்று எழுந்துவிடுகிறார்கள். இந்த வருடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: “முதல் ஆறு மாதம் நான் எழுதுவதை யார் படித்துத் திருத்துவார்கள், சார்?”