காசு கொடுத்து வாங்கிய கேம்... நிஜமாகவே உங்களுக்குச் சொந்தமா?

சம்பளம் வந்த கையோடு ஸ்டீம் சேலில் ஒரு கேம் வாங்குகிறீர்கள். பணம் போய்விட்டது, ரசீது மெயிலில் வந்துவிட்டது, கேமும் உங்கள் லைப்ரரியில் வந்து உட்கார்ந்துவிட்டது. "மச்சி, வாங்கிட்டேன்டா" என்று நண்பருக்கு மெசேஜும் போட்டாச்சு.

ஆனால், பணம் கட்டுவதற்கு முன்னால் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அதன் பின்னால் இருக்கும் நீளமான ஒப்பந்தத்தைப் படித்தால் வேறு கதை தெரியும். அதன்படி நீங்கள் கேமை வாங்கவில்லை. அதை விளையாடுவதற்கான அனுமதியைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். அந்த அனுமதியைத் திரும்பப் பெறும் வழிகளும் அதே ஒப்பந்தத்தில் இருக்கின்றன.

'அட, இதெல்லாம் சும்மா சட்டத்துக்காக எழுதி வைக்கிறது. நிஜத்துல யாரு பிடுங்கப் போறா?' என்று தோன்றலாம். பிடுங்கியிருக்கிறார்கள்.

'தி க்ரூ' கேமுக்கு என்ன ஆனது?

பிரான்ஸைச் சேர்ந்த யுபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்ற கார் ரேஸிங் கேமை வெளியிட்டது. அமெரிக்காவையே சுருக்கி ஒரே மேப்பாக வடித்திருந்தார்கள். நியூயார்க்கில் காரைக் கிளப்பி, ஊர் ஊராகக் கடந்து மேற்குக் கடற்கரை வரை ஓட்டிக்கொண்டே போகலாம். தனி ஆளாக விளையாட முழு நீளக் கதையும் உண்டு.

ஒரே ஒரு சிக்கல். தனியாக விளையாடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2023 டிசம்பரில் கேமை விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் கேம் ஓடவில்லை. அதற்குப் பிறகு, யுபிசாஃப்ட் தளத்தில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அந்த அனுமதியே நீக்கப்பட்டது.

கடையில் இல்லை, சர்வர் இல்லை, அனுமதி இல்லை: மூன்றும் ஒன்றா?

இல்லை. இந்த மூன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, விற்பனையை நிறுத்துவது. 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' கேமை 2024 டிசம்பரில் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதில் வரும் நிஜக் கார்களுக்கும் பாடல்களுக்கும் போட்டிருந்த ஒப்பந்தங்களுக்குக் காலக்கெடு உண்டு என்பதுதான் காரணம். புதிதாக யாரும் வாங்க முடியாது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடலாம். இதில் பெரிய வருத்தம் இல்லை.

இரண்டாவது, சர்வரை நிறுத்துவது. பத்து பேர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் பகுதி போய்விடும். கேம் ஆஃப்லைனில் ஓடும்படி எழுதப்பட்டிருந்தால் மற்ற பகுதி பிழைக்கும். 'தி க்ரூ' போல எல்லாமே சர்வரை நம்பியிருந்தால் மொத்தமும் காலி.

மூன்றாவது, அனுமதியையே எடுத்துவிடுவது. நீங்கள் காசு கொடுத்த பொருள் உங்கள் கணக்கிலேயே இல்லாமல் போவது இதில்தான்.

தனியாக விளையாடும் கேமுக்கு எதற்கு சர்வர்?

நிறுவனங்கள் பல காரணங்கள் வைத்திருக்கின்றன. திருட்டு காப்பியைத் தடுக்கலாம். நீங்கள் எந்த லெவலில் இருக்கிறீர்கள் என்பதைத் தங்களிடமே சேமித்து வைக்கலாம், அதனால் ஏமாற்று வேலை குறையும். கேமுக்கு உள்ளேயே உடை, வண்டி, நாணயம் என்று கடை போடவும் இது வசதி.

இதில் திருட்டு காப்பி விஷயம்தான் சுவாரஸ்யம். சர்வர் சோதனையை உடைத்த கள்ளக் காப்பி கிடைத்துவிட்டால், அதை வைத்திருப்பவர் எந்தத் தேதியைப் பற்றியும் கவலைப்படாமல் விளையாடுவார். நேர்மையாகக் காசு கொடுத்தவர்தான் 'சர்வருடன் இணைக்க முடியவில்லை' என்ற திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

கேமுக்கு மட்டும்தானா?

கேமே விளையாடாதவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். 2009 ஜூலையில் அமேசான், வாடிக்கையாளர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து சில புத்தகங்களைத் தூரத்திலிருந்தே அழித்தது. அந்தப் பதிப்பை விற்ற நிறுவனத்துக்கு உரிமை இல்லை என்று பின்னால் தெரியவந்ததுதான் காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஜெஃப் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால், காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைக் கடைக்காரர் வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போக முடியும் என்பது அன்று தெரிந்துபோனது. அப்படி அழிக்கப்பட்டவற்றில் ஒன்று, அரசு எல்லாரையும் கண்காணிப்பதைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984'.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய புத்தகங்களும் சேர்ந்து போயின. அதற்கும் பணம் திரும்பக் கிடைத்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி, யுஎஸ்பி கேபிள் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசான் நிறுத்தியது.

ஒரு கேசட்டையோ புத்தகத்தையோ நினைத்துப் பாருங்கள். அப்பா வாங்கியதை நாம் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் போடலாம். கம்பெனி மூடிப்போனாலும் கேசட் பாடும். டிஜிட்டலில் இந்த உரிமைகள் சத்தமில்லாமல் கழன்றுவிட்டன. ஸ்டீம் கணக்கை இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ அதன் ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. இருபது வருடம் சேர்த்த கேம்களை உங்கள் பிள்ளைக்கு எழுதிவைப்பதுகூட விதிப்படி முடியாது.

நம்ம ஊரில் இது நடந்திருக்கிறதா?

பப்ஜி காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 118 ஆப்களில் 'பப்ஜி மொபைல்' இருந்தது. கேம் இலவசம்தான். ஆனால் துப்பாக்கிக்கு ஸ்கின், ஆளுக்கு டிரெஸ், ராயல் பாஸ் என்று பாக்கெட் மணியைக் கொட்டியவர்கள் எத்தனை பேர்!

2021 ஜூலையில் 'பிஜிஎம்ஐ' என்ற பெயரில் இந்தியாவுக்கான பதிப்பு வந்தது. பழைய கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள், பலருக்கு மூச்சு வந்தது. மறுபடியும் 2022 ஜூலையில் அது ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

இங்கே சர்வரை மூட முடிவெடுத்தது கேம் நிறுவனம் இல்லை. ஆக, நீங்கள் வாங்கிய ஒரு ஸ்கின்னின் ஆயுள், கேம் கம்பெனி, ஆப் ஸ்டோர், அரசு என மூன்று பேர் கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் காசு கொடுத்த உங்கள் பெயர் இல்லை.

கம்பெனிகள் பக்கம் நியாயமே இல்லையா?

இருக்கிறது. சர்வர் ஓட்டுவது இலவசம் இல்லை. நூறு பேர் மட்டும் விளையாடும் கேமுக்கு ஆயுள் முழுக்க வாடகையும், பாதுகாப்பு அப்டேட்டும், ஆட்களும் போட்டுக்கொண்டே இரு என்று எந்தக் கம்பெனியையும் கேட்க முடியாது.

கௌரவமாக மூடியவர்களும் உண்டு. கூகுள் தனது 'ஸ்டேடியா' சேவையை 2023 ஜனவரியில் நிறுத்தியபோது, தன் கடையில் வாங்கிய கேம்களுக்கும் கருவிகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. சோனியின் 'கான்கார்ட்' வெளிவந்து இரண்டே வாரத்தில், 2024 செப்டம்பரில், மூடப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது.

'தி க்ரூ'வை வாங்கிய பலருக்கு இப்படி எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் கோபத்தில் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 2024 ஏப்ரலில் தொடங்கியதுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். சர்வரை என்றென்றும் ஓட்டச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. மூடுவதற்கு முன்னால், ஆஃப்லைனில் ஓடும்படியோ, ரசிகர்களே சொந்த சர்வரில் நடத்திக்கொள்ளும்படியோ ஒரு வழி விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்காகத் தொடங்கிய குடிமக்கள் மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்துகள் தாண்டின. அந்த எண்ணிக்கையை எட்டி, கையெழுத்துகளும் சரிபார்க்கப்பட்டால், ஐரோப்பிய ஆணையம் அதைப் பரிசீலித்துப் பதில் சொல்லியாக வேண்டும். 'ஆன்லைனுக்கென்றே வடிவமைத்த கேம்களை இப்படி மாற்றுவது செலவு அதிகம், ரசிகர்களின் சர்வரில் பாதுகாப்பும் இருக்காது' என்பது கேம் நிறுவனங்களின் அமைப்பு வைக்கும் வாதம்.

ஆனால் யுபிசாஃப்டே, 'தி க்ரூ' தொடரின் அடுத்த இரண்டு கேம்களுக்கும் ஆஃப்லைன் வசதி கொண்டுவருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. மனது வைத்தால் முடிகிறது, இல்லையா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் கேமையோ, படத்தையோ, புத்தகத்தையோ விற்கும்போது, 'இது வெறும் அனுமதிதான்' என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. நிரந்தரமாக டவுன்லோடு செய்து ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளக் கொடுத்தால் விலக்கு உண்டு. இந்தச் சட்டம் கையெழுத்தான அடுத்த மாதமே ஸ்டீம் தன் கார்ட் பக்கத்தில், நீங்கள் வாங்குவது ஒரு லைசென்ஸ் என்று ஒரு வரி சேர்த்தது. சின்ன வரிதான். ஆனால் பணம் கட்டும் இடத்திலேயே இருக்கிறது.

இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், ஆன்லைனில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. போலி அவசரம் காட்டுவது, சொல்லாமல் கார்ட்டில் பொருள் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் இழுத்தடிப்பது எல்லாம் அதில் உண்டு. அனுமதியை விற்றுவிட்டு 'வாங்கு' என்று எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

* வாங்கும் முன் கேமின் பக்கத்தை முழுசாகப் பாருங்கள். 'தொடர் இணைய இணைப்பு தேவை', 'வேறொரு நிறுவனத்தின் கணக்கு தேவை', 'டி.ஆர்.எம்' என்று இருந்தால், ஆயுள் அவர்கள் கையில் என்று அர்த்தம்.

* ஒரு கேமை ரொம்பப் பிடித்திருந்தால், அது 'ஜிஓஜி' தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். அங்கே டி.ஆர்.எம் பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் ஃபைலை டவுன்லோடு செய்யலாம். சட்டப்படி அதுவும் லைசென்ஸ்தான். ஆனால் ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும், யாரும் எட்டி வந்து அழிக்க முடியாது.

* டிஸ்க் என்றாலே பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். 'நின்டெண்டோ ஸ்விட்ச் 2'-க்கு வரும் சில கார்டுகளில் கேமே கிடையாது, டவுன்லோடு செய்வதற்கான சாவி மட்டும்தான்.

* ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாங்கியதும் முதல் வேலையாக வைஃபையை அணைத்துவிட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

* ஸ்கின், பாஸ் போன்றவற்றை சினிமா டிக்கெட் செலவுக் கணக்கில் எழுதுங்கள். சொத்துக் கணக்கில் வேண்டாம்.

* ரசீது மெயிலை அழிக்காதீர்கள். ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

சினிமா டிக்கெட் என்றதும் ஒன்று தோன்றுகிறது. படம் முடிந்து தியேட்டரை விட்டு வெளியே வரும்போது, 'படத்தை என் கையில் கொடுக்கவில்லையே' என்று யாரும் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் கொடுத்த காசுக்கு மூன்று மணி நேரம்தான் என்று கவுன்ட்டரிலேயே தெரியும். டிஜிட்டல் கடைகளிடமும் கேட்பது இதைத்தான். டிக்கெட் என்றால் டிக்கெட் என்று எழுதுங்கள், எத்தனை வருடத்துக்கு என்றும் எழுதுங்கள். விலையைப் பார்த்து நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

இன்று இரவு உங்கள் லைப்ரரியைத் திறந்து, பிடித்த ஐந்து கேம்களை நெட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். எத்தனை திறக்கிறதோ, கிட்டத்தட்ட அத்தனைதான் உங்கள் கையில் இருக்கிறது.